மூச்சுக் கருவியை எங்கே வாங்குவது?

சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் ஒன்றிரண்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். சைக்கிள் வாங்கினால் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்கிறோம். குறை இருந்தால் கைக்கோ காதுக்கோ தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால், ஒரு பொருளின் குறை கடலுக்கடியில் 20 மீட்டர் ஆழத்திற்குச் சென்ற பிறகுதான் வெளிப்படும் என்றால், அதை எப்படிச் சோதித்து வாங்குவது?

ஸ்கூபா கருவிகள் அப்படிப்பட்டவை. 'தானே சுமந்து செல்லும் நீரடி மூச்சுக் கருவி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததே ஸ்கூபா என்ற பெயர். இன்று அந்தமான் தீவுகளிலும் லட்சத்தீவிலும் புதுச்சேரியிலும் இந்தக் கருவியைக் கொண்டு முக்குளிக்கக் கற்றுத் தருகிறார்கள். கற்றவர்களுக்குச் சொந்தக் கருவி வாங்கும் ஆசை வருவது இயல்பு. அப்போது எழும் கேள்வி, இணையக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவதா, அல்லது முக்குளிப்புக் கடைக்கே நேரில் சென்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதா என்பது. இதைப் பணக் கணக்காகவே பலரும் பார்க்கிறார்கள். நாம் இதை இயற்பியல் கணக்காகப் பார்ப்போம்.

ஆழத்தின் கணக்கு

கடல் மட்டத்தில் வளிமண்டலம் நம்மீது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடை வீதம் அழுத்துகிறது. இதை ஏறக்குறைய 1 பார் எனலாம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலும் 1 பார் சேர்கிறது. ஆகவே 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார்.

ஒரு நீண்ட குழாயை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டிக்கொண்டு அடியிலிருந்தே மூச்சு விடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மீட்டர் ஆழத்திலேயே நீர் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் வீதம் அழுத்தும். மார்பின் பரப்பை 600 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், மொத்தம் 60 கிலோ! உங்களைவிடப் பருமனான ஓர் ஆளை மார்பின் மேல் உட்கார வைத்துக்கொண்டு மூச்சு இழுப்பதற்குச் சமம் இது. நுரையீரலுக்குள் வரும் காற்று, வெளியே சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திலேயே வந்தால்தான் மார்பு விரியும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும், எமில் கான்யான் என்ற பொறியாளரும். ஆண்டு 1943. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் மோட்டார் வண்டிகளை வாயுவைக் கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. அதற்கான வாயுச் சீராக்கி ஒன்றைக் கான்யான் வைத்திருந்தார். என்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் தரும் கருவி அது. என்ஜினுக்குப் பதில் மனிதனின் நுரையீரல் இழுத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் இன்றைய ரெகுலேட்டர் பிறந்தது.

இரண்டு படிகளில் இறங்கும் அழுத்தம்

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே வாய்க்குக் கொண்டுவர முடியாது அல்லவா? எனவே இரண்டு படிகளில் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள்.

முதற்படி சிலிண்டரின் தலையில் பொருத்தப்படுவது. அது 200 பாரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாகக் காற்று வாயில் கவ்வியிருக்கும் இரண்டாம் படிக்கு வருகிறது. இந்த இரண்டாம் படியில் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. சவ்வின் வெளிப்புறம் கடல்நீர், உட்புறம் காற்று. நீங்கள் மூச்சை இழுத்ததும் உட்புற அழுத்தம் சற்றே குறைகிறது, நீர் சவ்வை உள்ளே தள்ளுகிறது, சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது, நெம்புகோல் வால்வைத் திறக்கிறது, காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தினால் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பி வால்வு மூடிக்கொள்கிறது.

நன்கு சரிசெய்யப்பட்ட ரெகுலேட்டரில் இந்த வால்வைத் திறக்க, கண்ணாடி டம்ளரில் உள்ள நீரை உறிஞ்சுகுழலில் 3 அல்லது 4 சென்டிமீட்டர் உயரம் ஏற்றுவதற்கு வேண்டிய இழுப்பே போதும். அவ்வளவு மென்மையான பொறி! இதைச் சரிசெய்யும் சுருள்வில் சற்று இறுகிவிட்டால் மூச்சு இழுக்கக் கடினமாகும். தளர்ந்துவிட்டால் காற்று தானாகவே கொட்டத் தொடங்கும்.

கைக்குத் தெரியும் குறைகள்

இப்போது கடைக்குள் நுழைவோம். எல்லாக் கருவிகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. முதலில், குறையைக் கையாலும் முகத்தாலுமே கண்டுபிடிக்கக்கூடிய பொருள்களை எடுத்துக்கொள்வோம்.

மாஸ்க் எனப்படும் முகக்கண்ணாடி கண்களுடன் மூக்கையும் மூட வேண்டும். ஏன் தெரியுமா? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். பாயில் விதிப்படி உள்ளே அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கப் பார்க்கும். மூக்கு வழியாகச் சிறிது காற்றை உள்ளே ஊதினால் சமநிலை திரும்பிவிடும். நீச்சல் குளத்தில் அணியும் சிறு கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால் இது இயலாது. அதை அணிந்து ஆழத்திற்குச் சென்றால், உறிஞ்சப்பட்டதுபோல் கண்ணின் மெல்லிய இரத்தக் குழாய்கள் வெடித்துவிடும்.

மாஸ்க் உங்கள் முகத்திற்குப் பொருந்துமா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். மூச்சை இழுத்தபடி இருக்கும்வரை மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பொருத்தம் சரி. அதைப் பிடித்து நிறுத்துவது வெளியே உள்ள வளிமண்டலம்தான். எங்கேனும் ஒரு சிறு இடைவெளி இருந்தால் காற்று புகுந்து மாஸ்க் விழுந்துவிடும். படத்தைப் பார்த்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. ஏனெனில் ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு விதம். ஆனால் ஒருமுறை கடையில் முகத்தில் வைத்துப் பார்த்து உங்களுக்குப் பொருந்தும் மாடல் இன்னதென்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை அதையே இணையத்தில் வாங்குவதில் தவறில்லை.

நியோப்ரீன் உடையும் அப்படியே. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். உடலுக்கும் உடைக்கும் இடையே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் வெதுவெதுப்பாகி அங்கேயே இருக்க வேண்டும். உடை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் குளிர்ந்த நீர் புகுந்து அந்த வெப்பத்தை அடித்துச் சென்றுவிடும். மிகவும் இறுக்கினால் மார்பு விரியாது. ஆகவே போட்டுப் பார்க்க வேண்டும். அல்லது போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்ப இடம் தரும் கடையில் வாங்க வேண்டும். காலில் மாட்டும் துடுப்பு, டார்ச் விளக்கு, பை போன்றவற்றை எங்கே வாங்கினாலும் பெரிய ஆபத்து இல்லை. குறை இருந்தால் கரையிலேயே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத குறைகள்

ரெகுலேட்டரின் கதை வேறு. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள், பளபளவென்று இருக்கும். மேசைமேல் வைத்து வாயால் இழுத்தாலும் நன்றாகவே மூச்சு வரும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் காற்றின் அடர்த்தி நான்கு மடங்காகிவிடுகிறது. அதே குழாய் வழியாக, அதே வால்வு வழியாக, நான்கு மடங்கு அடர்த்தியான காற்று பாய வேண்டும். கரையில் போதுமானதாக இருந்தது அங்கே போதாமல் போகலாம்.

இதனால்தான் ஐரோப்பாவில் இ.என்.250 என்ற தரவிதியை வகுத்திருக்கிறார்கள். அதன்படி ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்திற்குச் சமமான 6 பார் அழுத்தமுள்ள அறையில் வைத்து, நிமிடத்திற்கு 25 முறை, முறைக்கு இரண்டரை லிட்டர் வீதம் ஓர் இயந்திரத்தைக் கொண்டு மூச்சு விடச் செய்கிறார்கள். 1 லிட்டர் காற்றை இழுத்து விட ஆகும் வேலை 3 ஜூலுக்கு மேற்படக் கூடாது. வேலை, ஆற்றல், ஜூல் என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படிப்பது இங்கே ஒருவருடைய மூச்சை அளக்கும் கோலாகிவிட்டது, பார்த்தீர்களா?

இந்தச் சோதனை அந்த மாடலுக்கு ஒருமுறை நடப்பது. உங்கள் கையில் உள்ள குறிப்பிட்ட கருவி சரியாக இருக்கிறதா என்பதை அழுத்தமானிகளைப் பொருத்தித்தான் சொல்ல முடியும். முதற்படியிலிருந்து வரும் அழுத்தம் சொன்ன அளவில் நிலையாக நிற்கிறதா, மெல்ல ஏறிக்கொண்டே போகிறதா என்று தேர்ந்த பணியாளர் பார்ப்பார். ஏறிக்கொண்டே போனால் உள்ளே வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். ரப்பர் வளையங்கள் நாளடைவில் கெட்டுவிடும். உப்புநீர் புகுந்து காய்ந்தால் உள்ளே படிகங்கள் சேரும். ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ, அதைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும்.

சிலிண்டரில் எஞ்சியுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியில் பிழை இருந்தால் என்னவாகும் என்று ஒரு கணக்குப் போடுவோம்.

சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். முக்குளிப்பவர் மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவர். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார் ஆகையால், அங்கே அவருக்கு மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்திற்கு 60 லிட்டர் தேவை. மானியின் முள் 50 பார் என்று காட்டுகிறது. 50 × 11 = 550 லிட்டர். இன்னும் 9 நிமிடம் இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். உண்மையில் உள்ளே இருப்பது 20 பார் என்று கொள்வோம். 20 × 11 = 220 லிட்டர்.

மேலே வர எவ்வளவு வேண்டும்? நிமிடத்திற்கு 9 மீட்டர் வேகத்தில் மெதுவாக ஏறினால் 2 நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். சராசரி அழுத்தம் 2 பார் என்று கொண்டால் சுமார் 90 லிட்டர். வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி வருவது வழக்கம், அங்கே 1.5 பார், எனவே மேலும் 90 லிட்டர். ஆக 180 லிட்டர். அவர் முள்ளைப் பார்த்த அந்த நொடியே கிளம்பினால்கூட மிச்சம் 40 லிட்டர்தான். அதுவும் சிலிண்டரின் அழுத்தம் கடைசிப் பத்துப் பாரை நெருங்கும்போது முதற்படி சரிவர வேலை செய்யாது. ஒவ்வொரு மூச்சும் இழுக்கக் கடினமாகும். இன்னும் 2 நிமிடம் மீன்களை வேடிக்கை பார்த்தாரானால் நிலைமை என்ன என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு முள்ளின் பிழை இத்தனை பெரியது! இந்த முள்ளைச் சரியான மானி ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கக் கடைக்காரருக்கு ஐந்து நிமிடம் போதும்.

முதுகில் ஒரு சுருள்வில்

சிலிண்டரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 11 லிட்டர் கொள்ளளவில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று, திடீரென்று விரிந்தால் 4 லட்சம் ஜூலுக்கு மேல் ஆற்றலை வெளியிடும். 1000 கிலோ எடையுள்ள ஒரு காரை 40 மீட்டர் உயரம் தூக்க அது போதும். அழுத்தி வைத்த பெரிய சுருள்வில் ஒன்றை முதுகில் சுமப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

1970களிலும் 80களிலும் 6351 என்ற எண்ணுள்ள அலுமினிய உலோகக் கலவையில் சிலிண்டர்கள் செய்யப்பட்டன. ஆண்டுக்கணக்கில் இடைவிடாத அழுத்தத்தைத் தாங்கியதால் அவற்றில் சிலவற்றின் கழுத்துப் பகுதியில் நுண்ணிய விரிசல்கள் தோன்றின. சில வெடிக்கவும் செய்தன. பின்னர் தயாரிப்பாளர்கள் 6061 என்ற வேறு கலவைக்கு மாறினார்கள். பழைய சிலிண்டர்களில் உள்ள விரிசலை, சுழல் மின்னோட்டத்தைக் கொண்டு சோதிக்கும் முறையும் வந்தது. மேலே புதுப் பெயின்ட் அடித்து யாரோ விற்கும் பழைய சிலிண்டரின் படத்தில் இந்த விரிசல் தெரியுமா? தெரியாது. ஆகவே சிலிண்டரின் தோளில் பொறித்துள்ள தயாரிப்பு ஆண்டையும், கடைசியாக நீரழுத்தச் சோதனை நடந்த தேதியையும் படிக்காமல் யாரும் பழைய சிலிண்டரைத் தொடவே கூடாது. இந்தியாவில் வெளிநாட்டுச் சிலிண்டர்களை இறக்குமதி செய்ய, 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளின்படி பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரு பக்க நியாயம்

அப்படியானால் இணையக் கடை கெட்டது, உள்ளூர்க் கடை நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அறிவியல் படிப்பவர்கள் இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இணையத்தில் பல அளவுகளும் பல மாடல்களும் கிடைக்கின்றன. கருவியின் கையேட்டை வாங்குவதற்கு முன்பே படிக்கலாம். அருகில் முக்குளிப்புக் கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்கு வேறு வழியும் இல்லை. உள்ளூர்க் கடைக்காரரும் தம்மிடம் இருப்பதையே சிறந்தது என்று சொல்லக்கூடும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கையும் தள்ளிவிடப் பார்க்கலாம்.

ஆகவே யாரிடம் வாங்கினாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். இதை யார் சோதித்தார்கள்? எந்த மானியில் என்ன அளவு காட்டியது? அதை எழுதித் தருவீர்களா? இது தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட விற்பனையாளரிடமிருந்து வந்ததா? பல நிறுவனங்கள் அப்படிப்பட்டவரிடம் வாங்கிய ரசீது இருந்தால்தான் உத்தரவாதம் தருகின்றன. பழுது பார்க்க உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? என் ஊர்ச் சிலிண்டருக்கு இது பொருந்துமா?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் ரெகுலேட்டரைச் சிலிண்டருடன் இணைப்பதில் இரு வகைகள் உண்டு. ஒன்று, நுகம்போல் மேலிருந்து கவ்விப் பிடிப்பது. மற்றொன்று, ஜெர்மனியின் தரவிதியைப் பின்பற்றித் திருகிப் பொருத்துவது. இரண்டாவது வகையை ஐரோப்பாவில் மிகுதியாகக் காணலாம். மலிவு என்று அதை வாங்கி வந்து, உள்ளூரில் கவ்வும் வகைச் சிலிண்டர்தான் உண்டென்றால் தனியே இணைப்பி ஒன்றை வாங்கியாக வேண்டும். மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். விலையை ஒப்பிடும்போது கருவியின் விலையுடன் சோதனைக் கூலி, பழுது பார்க்கும் செலவு, அனுப்பும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். அப்போதுதான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

காற்றை அஞ்சலில் வாங்க முடியாது

எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். சிலிண்டரில் நிரப்பும் காற்றை எங்கே வாங்குவது? அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தி இருக்கும். அதன் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அருகில் ஓடும் என்ஜினின் புகை உள்ளே புகாமல் பார்க்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. முக்குளிப்புக் காற்றில் அது பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு ஆவதால், அந்த 5 பங்கு உடலுக்குள் 20 பங்கு செய்யும் வேலையைச் செய்யும்.

இந்தக் காற்றழுத்தியையும் சோதனை மானிகளையும் தேர்ந்த பணியாளரையும் ஒரு கடை வைத்திருப்பது, அங்கே நாம் வாங்கும் பொருள்களின் இலாபத்தில்தான். எல்லோரும் முகத்திற்கு எது பொருந்தும் என்று கடையில் சோதித்துப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்கப் போனால், ஒருநாள் கடை மூடப்படும். அன்று மலிவாக வாங்கிய கருவிகள் காற்றில்லாமல் வீட்டு மூலையில் கிடக்கும்.

அக்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களின் கருவிகள் கல்லும் கயிறும் வலைப்பையும்தான். கயிற்றை இழுத்துப் பார்த்தால் அதன் உறுதி கைக்குத் தெரியும். இன்றைய கருவி மூச்சையே கீழே கொண்டு செல்கிறது. ஆனால் அதன் உறுதி கைக்குத் தெரிவதில்லை. ஆகவே இந்த விதியை மனத்தில் கொள்ளுங்கள்: குறை கரையிலேயே தெரியும் பொருளை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். குறை ஆழத்தில் மட்டுமே தெரியும் பொருளை, சோதித்துக் காட்டி அதற்குப் பொறுப்பேற்கும் மனிதர் இருக்கும் இடத்தில் வாங்க வேண்டும். இணையத்தில் வாங்க நேர்ந்தாலும், அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே நீரில் இறங்க வேண்டும்.

செய்து பாருங்கள்

பானம் அருந்தும் உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து ஒரு முனையை விரலால் அடைத்துக்கொண்டு மறுமுனையை வாயில் வைத்து இழுங்கள். காற்று வராது, நாக்கு குழலில் ஒட்டிக்கொள்ளும். இப்போது குழலின் நடுவே குண்டூசியால் ஒரு துளையிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். காற்று மெல்ல வந்துகொண்டே இருப்பதை உணர்வீர்கள். முக்குளிப்பவர்கள் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பொருத்துவதற்கு முன், முதற்படியின் மூடியை இறுக மூடிவிட்டு இதேபோல் இழுத்துப் பார்ப்பார்கள். காற்று வந்தால் எங்கோ ஓட்டை. பணம் செலவில்லாத இந்தச் சோதனை ஓட்டையைக் காட்டிவிடும். ஆனால் சுருள்வில்லின் இறுக்கத்தையும் மானியின் பிழையையும் காட்டாது. ஏன் காட்டாது என்பதைச் சிந்தித்து, உங்கள் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.